கூரையில்லாத சமையலறை, ஏற்காட்டு மழை, ஐந்து பேர் சாப்பாடு

ஐப்பசி இரண்டாம் வாரம், ராத்திரி பதினொரு மணி இருக்கும், வீட்டுக்குப் பின்னால் நின்ற சில்வர் ஓக் மரத்தின் கிளை முறிந்து நேராக எங்கள் சமையலறை ஓட்டின் மேல் விழுந்தது. நல்லவேளை, யாரும் உள்ளே இல்லை. விடிந்து பார்த்தால் மேடை மேல், அலமாரி மேல், அரிசி டின் மேல் எல்லாம் உடைந்த ஓடும் மழைத்தண்ணீரும். வீட்டு ஓனர் வந்து பார்த்துவிட்டு பத்து நாளில் சரி பண்ணிவிடலாம் என்றார். இன்றோடு முப்பத்தேழு நாள் ஆகிறது. மழை விட்டால்தானே ஓடு மாட்ட முடியும் என்கிறார்கள், அதுவும் உண்மைதான்.

நாங்கள் ஐந்து பேர். நான், கணவர், இரண்டு பிள்ளைகள், அத்தை. கணவருக்கு வேலை சேலத்தில், காலையில் முதல் பஸ்ஸில் இறங்கி இருபது கொண்டை ஊசி வளைவையும் கடந்து போய், இருட்டின பிறகுதான் மேலே வருவார். வெளியே வாங்கிச் சாப்பிடலாம் என்று முதல் மூன்று நாள், ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்று சொல்கிற சந்திப்புப் பக்கம் போனோம். சுற்றுலாக்காரர்களுக்கு வைத்த விலையில் ஐந்து பேர் மூன்று வேளை சாப்பிட முடியாது, அத்தைக்கு அந்தக் காரமும் ஒத்துக்கொள்ளவில்லை. சரி, வீட்டிலேயே எப்படியாவது செய்வோம் என்று இறங்கினேன். அதில் கற்றுக்கொண்டதை எழுதிவைக்கத்தான் இது.

முதலில் ஹாலில் இண்டக்‌ஷன் அடுப்பு வைத்தேன். ஒரு தப்பு செய்தேன், நீங்கள் செய்துவிடாதீர்கள். டிவி இருந்த பிளக்கில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு அதில் மாட்டிவிட்டேன். சாதாரண 5 ஆம்பியர் பிளக் கிட்டத்தட்ட 1,100 வாட்தான் தாங்கும், அடுப்பு முழு வேகத்தில் 2,000 வாட் இழுக்கும். கால் மணி நேரத்தில் பிளாஸ்டிக் உருகுகிற வாசனை வந்தது, சின்னவன்தான் முதலில் சொன்னான். பக்கத்தில் நின்றதால் உடனே அணைத்தோம். மறுநாள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு தடித்த ஒயரில் தனியாக 15 ஆம்பியர் பாயிண்ட் ஒன்று இழுத்த பிறகுதான் மறுபடி அடுப்பைத் தொட்டேன். பாத்திரமும் பிரச்சினை. அலுமினிய குக்கர் இதில் வேலைக்கு ஆகாது, எல்லா எவர்சில்வரும் ஆகாது. காந்தத்தை அடியில் வைத்துப் பார்த்து, ஒட்டியதை மட்டும் ஒதுக்கி எடுத்தேன். இரும்பு தோசைக்கல் ஒட்டியது, பிழைத்தோம்.

ஆனால் ஏற்காட்டில் மழைக்காலத்தில் கரண்டை நம்பி உலை வைக்க முடியாது. எங்கேயாவது மரம் விழும், லைன் போகும், அரை நாள் ஆகும். அதனால் சிலிண்டர் அடுப்பை வராந்தாவில் ஒரு மேசை மேல் வைத்தோம், சிலிண்டர் கீழே நிமிர்ந்து நிற்கிறது. தரையில் வைத்து உட்கார்ந்து சமைத்தால் சௌகரியம் என்று அத்தை சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அடுப்பு சிலிண்டரை விட உயரத்தில்தான் இருக்க வேண்டும், கேஸ் காற்றை விடக் கனம், கசிந்தால் தரையோடு தரையாகத் தங்கும். காற்று வருகிற பக்கம் மட்டும் அடுப்புக்கு ஒரு தகரத் தடுப்பு. அப்படியும் தீ அணைந்துவிடும், அதனால் அடுப்பு எரிகிற வரைக்கும் யாராவது ஒருவர் பக்கத்தில் நின்றாக வேண்டும் என்பது வீட்டுச் சட்டம்.

சாரலில் ஒரு மணி நேரம் யார் நிற்பது? தீயை எப்படிக் குறைப்பது என்பதுதான் அப்புறம் என் ஒரே யோசனை. இங்கே இன்னொரு சங்கடமும் உண்டு. நாங்கள் கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம், தண்ணீர் 100 டிகிரிக்குப் பதில் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். பார்க்கத் தளதளவென்று கொதிக்கும், பருப்பு மட்டும் வேகாமல் கல்லாகக் கிடக்கும். கீழே சேலத்தில் இருபது நிமிடத்தில் வடிக்கிற சோறு இங்கே இழுத்துக்கொண்டே போகும். குக்கர் இல்லாமல் இந்த மலையில் குடும்பம் நடத்துவது கஷ்டம்.

வழி காட்டியது அத்தைதான். "ஏங் கண்ணு, ஊறப் போட்டா பாதி வெந்த மாதிரிதான, தீய எதுக்கு வீணாக்கற?" என்றார்கள். இப்போது எங்கள் வீட்டில் ஊறாமல் எதுவும் அடுப்பேறுவதில்லை. அரிசி அரை மணி, துவரம்பருப்பு ஒரு மணி, கொண்டைக்கடலையும் கொள்ளும் ராத்திரி முழுக்க. அதோடு ஒரு தெர்மோகோல் பெட்டி. அதற்குள் பழைய கம்பளி ஒன்றைச் சுற்றி வைத்திருக்கிறேன். குக்கரில் இரண்டு விசில் வந்ததும், வெயிட்டைத் தொடாமல், அப்படியே தூக்கி அந்தப் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுவேன். முக்கால் மணி கழித்துத் திறந்தால் சோறும் பருப்பும் பூப்போல வெந்திருக்கும். மற்ற நேரத்தில் அதே பெட்டியில் பால் உறை ஊற்றி வைக்கிறேன், இந்தக் குளிரில் வெளியே வைத்தால் தயிர் தோய்வதே இல்லை. ராஜ்மாவை மட்டும் பெட்டியில் விட மாட்டேன், அது குறைந்த சூட்டில் வெந்தால் வயிற்றைக் கெடுக்கும், நன்றாகக் கொதித்தே வேக வேண்டும்.

வாரத்தில் மூன்று நாளாவது அரிசிம்பருப்பு சாதம்தான். இரண்டு டம்ளர் அரிசி, அரை டம்ளர் துவரம்பருப்பு, கை நிறைய சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, வரமிளகாய், மஞ்சள் தூள். குக்கரிலேயே தாளித்து, வதக்கி, ஏழு டம்ளருக்குக் கொஞ்சம் மேலே தண்ணீர் விட்டால் ஒரே பாத்திரத்தில் ஐந்து பேருக்கு வேலை முடிந்தது. மேலே நெய், தொட்டுக்க ஊறுகாய். சௌசௌ தோட்டத்தில் காய்த்துக் கொட்டுகிறது, சில நாள் அதையும் நறுக்கி உள்ளேயே போட்டுவிடுவேன். இட்லி மாவு மட்டும் இந்தக் குளிரில் புளிப்பதே இல்லை, விட்டுவிட்டேன். புளிக்கத் தேவையில்லாத அடை, கோதுமை தோசை, அவல்.

பெரியவளுக்குப் பிடித்த ராத்திரிச் சாப்பாடு அடுப்பே வேண்டாத ஒன்று. அப்பா வரும்போது சேலத்திலிருந்து தட்டுவடை வாங்கி வருவார். கேரட், பீட்ரூட் துருவி, வெங்காயம் பொடியாக அரிந்து, கரண்ட் இருக்கும்போதே அரைத்து வைத்த சிவப்புச் சட்னியும் பச்சைச் சட்னியும் தடவி, இரண்டு தட்டுவடைக்கு நடுவே வைத்துக் கொடுத்தால் தட்டுவடை செட். இதைச் சாப்பாட்டுக்குப் பதிலாகத் தினம் கொடுக்க முடியாதுதான், ஆனால் கரண்டும் போய் காற்றும் அடிக்கிற ராத்திரியில் பிள்ளைகள் மெழுகுவத்தி வெளிச்சத்தில் தாங்களே அடுக்கி அடுக்கிச் சாப்பிடுவதைப் பார்க்கும்போது எனக்கு அன்றைய அலுப்பெல்லாம் போய்விடும்.

உண்மையில் சமைப்பதை விடக் கஷ்டம் கழுவுவது. சிங்க் இல்லை, வெளிக்குழாய்த் தண்ணீரில் கை வைத்தால் விரல் மரத்துப் போகும். தட்டையே ஒழித்தோம். கொல்லையில் வாழை நிற்கிறது, இலை அறுத்துக்கொள்கிறோம். குக்கர், ஒரு வாணலி, ஒரு கரண்டி, ஐந்து டம்ளர், அவ்வளவுதான் ஒரு நாளைக்குக் கழுவுவது. எண்ணெய்ப் பிசுக்கை முதலில் பழைய பேப்பரால் துடைத்துவிட்டால் தண்ணீர் பாதிதான் செலவாகும்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் பக்கத்து லைன் வீட்டு (எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடு) அக்காவின் விறகடுப்பு. எஸ்டேட்டில் கவாத்து செய்த காப்பிக் கட்டை எரியும், நான் கோழியும் மசாலாவும் கொண்டு போவேன், அவர் களி கிண்டுவார். இரண்டு குடும்பமும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுவோம். இத்தனை வருஷம் வேலி ஓரத்தில் நின்று பேசியிருக்கிறோம், அவர் அடுப்படியில் உட்கார்ந்தது இந்த மழையில்தான்.

நாளைக்கு வெயில் அடித்தால் ஓடு மாட்ட ஆள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ராத்திரிக்குக் கொள்ளு ஊறப் போட்டிருக்கிறேன், காலையில் வேகவைத்தால் பருப்பைக் கடைந்துவிட்டு, தண்ணீரில் ரசம். வேலைக்கு வருகிறவர்களுக்கும் சேர்த்து ஒரு டம்ளர் கூடுதலாகவே போட்டேன்.