கடுகைத் தூக்கும் விரல்: நிட்டினால் கம்பியோடு மூன்று வாரம்

சூடேறினால் சுருங்கும் கம்பியை வைத்து நான் செய்துவரும் செயற்கை விரல்களில் மூன்றாவது, நேற்று ராத்திரி ஒரு கடுகைத் தூக்கிவிட்டது! முதல் இரண்டும் ஏன் சரிப்படவில்லை என்பதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

நிட்டினால் என்பது நிக்கலும் டைட்டானியமும் ஏறக்குறையப் பாதிக்குப் பாதி கலந்த உலோகம். என்னிடம் உள்ள கம்பி 0.15 மி.மீ. தடிமன். ஆறியிருக்கும்போது இழுத்து நீட்டலாம். 70 டிகிரியைத் தொட்டால் பழைய நீளத்துக்குச் சுருங்கும். காரைக்குடி வெயிலில் தானாக அசையாது, அதனால்தான் இந்த ரகம். ஆனால் சுருங்கிய கம்பி ஆறினாலும் தானாக நீளாது, இழுத்துவிட ஒரு வில் வேண்டும். பழைய எக்ஸ்ரே பிலிமில் 5 செ.மீ. பட்டை வெட்டினேன். 3 சதவீதம் நீட்டிய கம்பியை அதன்மேல் போகவும் வரவுமாக வைத்து சிலிக்கோன் ரப்பர் ஊற்றினேன். கம்பி வளைக்கும், பிலிம் நிமிர்த்தும்.

முதல் சிக்கல் முனை. மின்சாரம் பாய்ச்சித்தான் கம்பியைச் சூடாக்க வேண்டும்; ஆனால் மின்வயரைப் பற்றவைக்கும் சால்டர் அதில் ஒட்டவே இல்லை. தெருக்கோடி பத்தரிடம் கொண்டுபோனேன். அவரும் முயன்றுவிட்டு, "தம்பி, இது ஈயத்த ஏத்துக்க மாட்டேங்குது, நசுக்கித்தான் புடிக்கணும்" என்றார். டைட்டானியத்தின் மேல் படியும் ஆக்சைடு தோல்தான் காரணம். செம்புத் தகட்டை அரிசி அளவுக் குழலாகச் சுருட்டி, கம்பியை உள்ளே விட்டு, குறடால் ஒரே அழுத்து. இன்றுவரை நழுவவில்லை.

10 செ.மீ. கம்பிக்கு மின்தடை 5.5 ஓம் வருகிறது. 5 வோல்ட் சார்ஜரோடு 6.8 ஓம், 2 வாட் ரெசிஸ்டரை (மின்னோட்டத்தைக் குறைக்கும் தடை) தொடரில் போட்டால் கம்பியில் 0.4 ஆம்பியர் ஓடும்.

முதல் விரலில் சிலிக்கோன் 3 மி.மீ. சூட்டையெல்லாம் அதுவே குடித்தது. விரல் லேசாகத்தான் வளைந்தது. கம்பி பிலிமிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு வளைவு குறையும், விசை கூடும். எனக்கு வளைவுதான் வேண்டும். இரண்டாவதை 1 மி.மீ. ஆக்கினேன். அழகாகச் சுருண்டது. பத்துப் பன்னிரண்டு தடவைக்குப் பின் கம்பி ஓரமாக வெள்ளைக் கோடு ஒன்று ஓடியது. வழவழப்பான கம்பி சிலிக்கோனை விட்டு உரிந்து, உள்ளேயே வழுக்கிக்கொண்டிருந்தது. சிலிக்கோனின் பிடியை நம்பியது என் தவறு. மூன்றாவதில் ஊசியால் பிலிமில் துளையிட்டு, நுனியில் கம்பியைக் கோத்துத் திருப்பினேன். செம்புக் குழல்களையும் பிலிமோடு சேர்த்துக் கட்டினேன். இழுவை முழுவதும் இப்போது பிலிமுக்கே போகிறது.

தொடர்ந்து இயக்கினால் சிலிக்கோன் சூடேறி, விரல் நிமிரத் தாமதிக்கிறது. மின்விசிறிக்குக் கீழே வைத்தால் பரவாயில்லை. மெல்லிய கம்பி சீக்கிரம் ஆறும் என்பதால் அடுத்து 0.05 மி.மீ. வாங்கப்போகிறேன். அதற்கு எள் அளவுக் குழல் வேண்டும்; பத்தரிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன்.