பெர்லின் தண்ணீரும் வீட்டுச் சாமான்களும்

பெர்லினில் புதிதாகக் குடியேறும் தமிழ்க் குடும்பங்கள் வாடகை ஒப்பந்தம், முகவரிப் பதிவு, மருத்துவக் காப்பீடு என்று எல்லாவற்றையும் விசாரிப்பார்கள். தண்ணீரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கெட்டிலின் அடியில் வெள்ளையாக ஏடு கட்டத் தொடங்கியதும்தான் பதறிப்போய், "இந்தத் தண்ணியக் குடிக்கலாமா?" என்று கேட்பார்கள். தாராளமாகக் குடிக்கலாம். அந்த வெள்ளை பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். இங்குள்ளவர்கள் 'கால்க்' என்கிறார்கள். தண்ணீரில் இப்படிச் சுண்ணாம்பு கரைந்திருப்பதைக் கடினத்தன்மை என்பார்கள். அதனால் உடம்புக்குக் கெடுதல் இல்லை என்பதால் ஜெர்மானியக் குடிநீர் விதிகளில் அதற்கு உச்சவரம்புகூட வைக்கவில்லை. பாதிப்பெல்லாம் வீட்டுச் சாமான்களுக்குத்தான். இங்கே ஒரு வீட்டில் தண்ணீரைச் சூடாக்கும் சாமான்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் புரியும்.

பெர்லினின் குழாய்த் தண்ணீர் நிலத்தடியிலிருந்து வருகிறது. ஸ்பிரே, ஹாஃபல் ஆறுகளின் கரை மணலில் ஊறி இறங்குகிற நீருக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. மண்ணுக்குள் போகிற வழியில் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டுதான் நம் குழாய்க்கு வந்து சேர்கிறது. இந்த நாட்டில் கடினத்தன்மையை 'ஜெர்மன் டிகிரி' என்ற அளவில் சொல்கிறார்கள். ஒரு டிகிரி என்பது லிட்டருக்குச் சுமார் 18 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். 8.4 டிகிரிக்குக் கீழே இருந்தால் மென்மை, 14 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடினம். பெர்லினில் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறி, ஏறத்தாழ 14 முதல் 25 டிகிரி வரை இருக்கிறது. அதாவது 20 டிகிரித் தண்ணீர் வருகிற வீட்டில், ஒவ்வொரு லிட்டரிலும் 350 மில்லிகிராமுக்கு மேற்பட்ட கால்சியம் கார்பனேட்டுக்குச் சமமான அளவு.

குளிர்ந்த தண்ணீரில் இது பெரும்பாலும் கரைந்தே கிடக்கும். சூடேற்றும்போது கரியமில வாயு வெளியேறுகிறது. பைகார்பனேட்டாக இருந்தது கரையாத கார்பனேட்டாக மாறிச் சூடான பரப்பில் ஒட்டிக்கொள்கிறது. 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் படிவது வேகமாகிறது. படிவு தடிக்கத் தடிக்கச் சூடு தண்ணீருக்குப் போய்ச் சேரத் தாமதமாகும். மின்சாரம் வீணாகும், சூடேற்றும் கம்பியும் சீக்கிரம் கெடும்.

அதனால் எதை வாங்குவதற்கு முன்னாலும் உங்கள் பகுதியின் டிகிரி எவ்வளவு என்று தெரிந்துகொள்ளுங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்வேன். நீர் வழங்கும் நிறுவனம் கடினத்தன்மையைத் தெரிவித்தாக வேண்டும் என்று 2007ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. அந்த எண் கையில் இருந்தால் மற்றதெல்லாம் சுலபம்.

முதல் வேலை டிஷ்வாஷர். அதற்குள்ளேயே தண்ணீரை மென்மையாக்கும் அமைப்பு ஒன்று இருக்கிறது. அதிலுள்ள பிசின் மணிகள் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். நிறைந்துபோனால் உப்புக் கரைசல்தான் அவற்றை மறுபடி தயார்செய்யும். அந்த உப்பு சமையல் உப்பாக இருக்கக் கூடாது. சமையல் உப்பு பொடியாக இருக்கும், கட்டி தட்டாமல் இருக்க வேறு பொருள்களும் சேர்த்திருப்பார்கள்; அமைப்பு அடைத்துக்கொள்ளும். டிஷ்வாஷருக்கென்றே விற்கிற பருமனான உப்பைப் போடுங்கள். உப்பு நிரப்பியதும் உடனே ஒரு தடவை ஓட்டிவிடுவது முக்கியம். உள்ளே சிந்திய உப்பு நீர் எஃகை அரிக்கும். அப்புறம், மெஷினின் செட்டிங்கில் உங்கள் பகுதித் தண்ணீரின் டிகிரியைப் பதிவுசெய்யுங்கள். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பிறகு கண்ணாடி டம்ளர் மங்குகிறது என்று விலை கூடிய டிஷ்வாஷர் சோப்பு மாத்திரைகளாக மாற்றி மாற்றி வாங்குகிறார்கள்.

வாஷிங் மெஷினுக்கு அவ்வளவு கவலை வேண்டாம். சோப்புத்தூள் பெட்டியின் பின்பக்கம் மென்மை, நடுத்தரம், கடினம் என்று அளவுப் பட்டியல் இருக்கும். கடினத்துக்கு உரிய அளவைப் போட்டாலே போதும். தண்ணீரை மென்மையாக்கும் பொருள் தூளிலேயே இருக்கிறது. விளம்பரத்தில் சுண்ணாம்பு மூடிய கம்பியைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். 30, 40 டிகிரி செல்சியஸில் துவைக்கிற வீட்டுக்கு சுண்ணாம்பு படியாமல் இருக்க என்று விற்கிற தனி மாத்திரை தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து.

கெட்டிலுக்குச் சிட்ரிக் அமிலத் தூள் நல்லது. குளிர்ந்த தண்ணீரில் கரைத்து ஊற்றி, சூடாக்காமல் அப்படியே ஊறவிடுங்கள். கொதிக்கவைத்தால் கால்சியம் சிட்ரேட் உருவாகி, அது வேறொரு படிவாக ஒட்டிக்கொள்ளும். காபி மெஷினுக்கு அதன் கையேடு சொல்கிற திரவத்தையே பயன்படுத்துங்கள். இங்கே கிடைக்கிற அடர்த்தியான வினிகர் எசன்ஸை எல்லா இடத்திலும் ஊற்றாதீர்கள், ரப்பர் வளையங்கள் கெட்டுவிடும். ஜன்னல் திண்டு பளிங்கோ சுண்ணாம்புக் கல்லோ என்றால் எந்த அமிலமும் அதன்மேல் படக் கூடாது. வாடகை வீட்டில் அந்தக் கறைக்கு நாம்தான் பொறுப்பு. குளோரின் கலந்த கழிவறைத் திரவத்தோடு அமிலம் சேர்ந்தால் நச்சு வாயு வரும். குழந்தைகள் இருக்கிற வீட்டில் இரண்டையும் ஒரே நாளில்கூட எடுக்க வேண்டாம்.

ஷவரில் தண்ணீர் கோணலாகப் பீய்ச்சினால் உடைந்துவிட்டதாக நினைத்துப் புதிது வாங்க வேண்டாம். கழற்றிச் சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்துக் கழுவினால் துளைகள் திறந்துவிடும். குழாய் வாயில் திருகியிருக்கிற சிறு சல்லடைக்கும் இதேதான். பெர்லினுக்குள்ளேயே வேறு பகுதிக்கு வீடு மாறினாலும் டிகிரி மாறலாம். போன இடத்தில் டிஷ்வாஷரின் செட்டிங்கை மறுபடி பாருங்கள்.