கல் பட்டதா, தானாக வெடித்ததா?

"கல்லு பட்டுச்சுன்னு ஒரு வரி எழுதினா உங்களுக்கு என்னண்ணா போகுது?"

காரின் கூரையில் திறந்து மூடும் சன்ரூஃப் கண்ணாடி உடைந்து எங்கள் பட்டறைக்கு வந்த வண்டிக்காரர் அவர். கோபமாகக்கூட அவர் கேட்கவில்லை. பட்டறையின் வேலைக் குறிப்பான ஜாப் கார்டில், காரணம் என்ற கட்டத்தில் "கண்டறிய இயலவில்லை" என்று எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுத்தான் கேட்டார். "நான் பார்க்காததை எழுத முடியாது சார்" என்பது என் பதில். நேர்மையான பதில்தான். ஆனால் பயனுள்ள பதிலா என்று யோசித்தால் இன்றுவரை ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

வெளியே இருப்பவர்களுக்கு இது அற்ப விஷயமாகத் தெரியும். கண்ணாடி உடைந்தது, மாற்ற வேண்டும், அவ்வளவுதானே? ஆனால் அந்தக் கட்டத்தில் பணம் இருக்கிறது. வாகன இன்ஷூரன்ஸின் வழக்கமான வாசகம், தீ, திருட்டு போன்றவற்றைத் தவிர்த்துப் பார்த்தால், வெளியிலிருந்து வந்த விபத்துக் காரணத்தால் ஏற்பட்ட சேதத்துக்குத்தான் பணம் என்கிறது. தேய்மானமும் இயந்திர, மின் கோளாறுகளும் விலக்குப் பட்டியலில் இருக்கின்றன. இன்னொரு பக்கம் கம்பெனி வாரன்டி. தயாரிப்புக் குறை என்று நிரூபித்தால் ஒழிய, உடைந்த கண்ணாடியை அவர்கள் பெரும்பாலும் தொடுவதில்லை. ஆக, "தானாக வெடித்தது" என்று எழுதினால் இன்ஷூரன்ஸில் கேள்வி வரும். "கல் பட்டது" என்று எழுதினால் வாரன்டிக் கதவு மூடும். "தெரியவில்லை" என்று எழுதினால் வண்டிக்காரர் இரண்டுக்கும் நடுவில் நிற்பார்.

சரி, உண்மையில் தெரியாதா? அதைத்தான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன்.

சன்ரூஃப் கண்ணாடி பெரும்பாலும் டஃபன்டு ரகம், 4 முதல் 5 மி.மீ. கனம். சில பெரிய பனோரமிக் ரூஃப்களில், இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிலிம் வைத்த லேமினேட்டட் போடுகிறார்கள். முன்பக்க விண்ட்ஷீல்டு போல அது விரிசல் விட்டாலும் பிலிமில் ஒட்டிக்கொண்டு நிற்கும். டஃபன்டு அப்படி நிற்காது. 620 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி, இரு பக்கமும் காற்றடித்துச் சட்டென்று ஆற்றிச் செய்தது அது. மேல்தோல் முதலில் இறுகிவிடும். நடுப்பகுதி பிறகு ஆறிச் சுருங்கும்போது அந்தத் தோலை உள்ளே இழுத்துப் பிடிக்கும். அதனால் தோல் அமுக்கத்தில் இருக்கும், நடு இழுவிசையில் இருக்கும். அமுக்கத்தில் உள்ள தோல், ஒவ்வொரு பக்கமும் மொத்தக் கனத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு. 5 மி.மீ. கண்ணாடி என்றால் அது ஒரு மி.மீ. இருக்கும். கீறலோ சில்லோ அதைத் தாண்டி நடுவுக்குப் போன நொடியில் மொத்தக் கண்ணாடியும் பொடிக்கட்டிகளாகிவிடும். பாதி உடைந்த டஃபன்டு கண்ணாடி என்று ஒன்று கிடையாது.

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. கல் பட்ட அன்றே உடைய வேண்டும் என்று கட்டாயம் இல்லை. லாரி டயர் தெறித்த ஜல்லி ஓரத்தில் ஒரு சில்லை எடுத்துவிட்டுப் போயிருக்கலாம். பிறகு ஒரு மே மாத மதியம் மேலே வெயில், உள்ளே முழு வேகத்தில் ஏ.சி., வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி பாடி லேசாக முறுக்கும்போது அந்தச் சில் நடுவை எட்டலாம். வண்டிக்காரருக்கு அது தானாக வெடித்ததுதான், ஏனென்றால் அந்த நேரத்தில் எதுவும் படவில்லை. நிஜமாகவே தானாக வெடிப்பதும் உண்டு. உருக்கும்போது கண்ணாடிக்குள் மாட்டிக்கொண்ட நிக்கல் சல்ஃபைடு துகள் காலப்போக்கில் தன் வடிவத்தை மாற்றிக்கொண்டு 2 முதல் 4 சதவீதம் பருக்கும். அது இழுவிசை உள்ள நடுப்பகுதியில் இருந்தால் போதும். பொருத்தும்போது ஸ்க்ரூவை அளவுக்கு மேல் முறுக்கி, பிராக்கெட் வழியாக நிரந்தர அழுத்தம் கொடுத்திருந்தாலும் உடையலாம். கண்ணாடியின் ஓரத்தைச் சுற்றி அச்சிட்ட கறுப்பு செராமிக் பட்டை இன்னொரு காரணம். அந்தப் பட்டை உள்ள இடம் வெறும் கண்ணாடியைவிட வலுக் குறைந்தது என்ற கேள்வியை 2013 வாக்கில் கொரியா கிளப்பி, ஐ.நா. வாகன விதிமுறைக் குழு வரை கொண்டுபோனது. சேதத்தை மதிப்பிட வரும் நம் ஊர் இன்ஷூரன்ஸ் சர்வேயர்களில் அதைப் பற்றிப் பேசும் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

இந்தக் காரணங்களைப் பிரித்துச் சொல்ல வழி இருக்கிறது, துண்டுகள் இருந்த இடத்திலேயே இருந்தால். விரிசல்கள் தொடங்கிய புள்ளியிலிருந்து எல்லாப் பக்கமும் விரிந்து ஓடும். நிக்கல் சல்ஃபைடு என்றால் தொடங்கிய இடத்தில் சற்றே பெரிய இரண்டு துண்டுகள், பட்டாம்பூச்சிச் சிறகு போல் ஒட்டி நிற்கும். கல் என்றால் அந்த இடத்தில் நசுங்கிய வெள்ளைப் பொடி இருக்கும். ஆனால் கூரையில் உள்ள கண்ணாடி உடைந்தால் துண்டுகள் எங்கே நிற்கும்? பாதி சீட்டில், மீதி ரோட்டில். அந்த வண்டி வருவதற்கு முன்பே ஒரு வாட்டர் வாஷில் வேக்குவம் போட்டுச் சுத்தமாக வந்திருந்தது. குழந்தை உட்காரும் வண்டி, யாராக இருந்தாலும் முதலில் அதைத்தான் செய்வார்கள். மிஞ்சியது விளிம்பு மட்டும். கண்ணாடி விளிம்பைச் சுற்றி வார்த்த கறுப்பு பாலியூரித்தேன் வார்ப்பில் பல் வரிசையாய்க் குத்திக்கொண்டு நின்ற கட்டிகள், வலது முன்மூலையில் இரண்டு விரல் அகலத்துக்கு எதுவுமே இல்லாத ஓர் இடைவெளி. அங்கேதான் தொடங்கியதா, வேக்குவம் முனை இடித்து உதிர்ந்ததா? எது என்று சொல்ல அந்த விளிம்பில் ஒன்றும் இல்லை.

"கண்ணாடி மேல்நோக்கித்தான் வெடிச்சுதுண்ணா, அப்ப உள்ள இருந்துதான கோளாறு?" என்றும் கேட்டார். பலரும் கேட்பது. வளைவான கண்ணாடி உடைந்ததும் ஒவ்வொரு கட்டியும் அமுக்கத்திலிருந்து விடுபட்டு விரியும், பக்கவாட்டில் இடமில்லாததால் வளைவு இருக்கும் பக்கமாக மேலே புடைக்கும். ஓடும் வண்டியில் கூரை மேல் காற்றழுத்தம் குறைவு, அதுவும் மேலே இழுக்கும். கல் மேலிருந்து பட்டாலும் மேல்நோக்கிப் புடைக்கலாம். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

வேலையில் எந்தச் சந்தேகமும் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த வேலையைக் கண்ணாடி மாற்றும் வேலை என்று நினைப்பவர்கள்தான் அதிகம். முக்கால்வாசி நேரம் பொடி எடுப்பதில் போகும். உடைந்ததும் செய்யக் கூடாதது, சன்ரூஃப் சுவிட்சைத் தொடுவது. பொடி, கண்ணாடி நகரும் தண்டவாளத்துக்குள் இழுபட்டு, அங்கே உள்ள கிரீஸோடு கலந்து, உலோகத்தைத் தேய்க்கும் வால்வு லேப்பிங் பேஸ்ட் போல் ஆகிவிடும். கண்ணாடியை இழுக்கும் கேபிளும் தண்டவாளத்தில் வழுக்கும் பிளாஸ்டிக் ஷூவும் அதில் தேய்ந்து போனால் கண்ணாடி மட்டும் மாற்றிப் பயனில்லை, தண்டவாளம் எல்லாம் சேர்ந்த மொத்த கேசட்டும் மாற்ற வேண்டும். அதற்கு ரூஃப் லைனிங் இறங்கணும், கூரையைத் தாங்கும் பில்லர்களின் டிரிம்கள் கழலணும். பக்கவாட்டு கர்ட்டன் ஏர்பேக் அங்கேதான் ஓடுகிறது என்பதால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, சர்வீஸ் மேனுவல் சொல்லும் நேரம் காத்திருந்த பிறகுதான் தொடணும்.

காற்றடித்துச் சுத்தம் செய்வது ஆகாத வேலை. கம்ப்ரசர் காற்று பொடியை மழைத் தண்ணீர் வடியும் டிரெய்ன் ஓட்டைக்குள் தள்ளும், கண்ணுக்குள்ளும் தள்ளும். வேக்குவம்தான், மேலிருந்து கீழாக. உள்ளே வெயில் மறைக்கும் துணி ஷேட் உள்ள வண்டியில் ஷேடை விரல் விரலாக விரித்துக்கொண்டே உறிஞ்சணும். சுருளுக்குள் ஒரு கட்டி மாட்டினால் அடுத்த முறை திறக்கும்போது துணியைக் கிழிக்கும். தண்டவாளத்தின் பழைய கிரீஸை நூல் விடாத துணியால் முழுக்கத் துடைத்துவிட்டு, கம்பெனி சொல்லும் கிரீஸை மெல்லிய பூச்சாகப் போடணும். டபிள்யூ.டி.-40 அடிப்பவர்கள் இருக்கிறார்கள். அது இருக்கிற கிரீஸையும் கரைத்துக் கீழே விட்டுவிடும்.

இந்தத் தண்ணீர் வடியும் டிரெய்ன் பற்றி வண்டிக்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். சன்ரூஃபைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் தண்ணீரை முழுக்க நிறுத்துவதற்காகச் செய்ததல்ல. கொஞ்சம் உள்ளே வரும், சுற்றியுள்ள தொட்டியில் விழும், நான்கு மூலைக் குழாய்கள் வழியாகக் கீழே போகும். முன்னால் இரண்டும் விண்ட்ஷீல்டு ஓரத்து ஏ பில்லருக்குள், பின்னால் இரண்டும் பின் பில்லருக்குள். கட்டிகள் இறங்கி அடைப்பது இந்தக் குழாய்களில்தான். புல்வெட்டி மெஷினின் நைலான் நூல் இதற்கு நல்ல கருவி, வளையும், குழாயைக் கிழிக்காது. பிறகு ஒவ்வொரு மூலையிலும் ஒரு டம்ளர் தண்ணீர் மெதுவாக விட்டு, வண்டிக்கடியில் வருகிறதா என்று நான்கையும் தனித்தனியாகப் பார்க்கணும். ஒன்று அடைத்திருந்தாலும் ஐப்பசி மழையில்தான் தெரியும். அப்போது வண்டிக்காரர் "கண்ணாடி சரியா போடலை" என்றுதான் வருவார்.

புதுக் கண்ணாடி வைப்பது சுருக்கமான வேலை. பக்கத்துக்கு இரண்டு அல்லது மூன்று நட்சத்திரத் தலை டார்க்ஸ் ஸ்க்ரூ, பல வண்டிகளில் டி-25 அளவு. இரண்டு பேர் மேலிருந்து இறக்கி, எல்லா ஸ்க்ரூவையும் கையால் மட்டும் பிடிக்கவைத்து, மூடிய நிலையில் உயரம் பார்க்கணும். முன் விளிம்பு கூரை மட்டத்துக்குச் சமம் அல்லது ஒரு மி.மீ. வரை கீழே, பின் விளிம்பு சமம் அல்லது ஒரு மி.மீ. வரை மேலே. மாறிப்போனால் எண்பதில் போகும்போது விசில் அடிக்கும். விசிட்டிங் கார்டைப் பீடிங் ஓரத்தில் செருகிச் சுற்றிலும் இழுத்துப் பார்த்தால் எங்கே தளர்வு, எங்கே இறுக்கம் என்று தெரிந்துவிடும். கடைசி முறுக்கு மிகக் குறைவு, பெரும்பாலும் 4 முதல் 6 நியூட்டன் மீட்டர். இம்பாக்ட் கன் வைத்து முறுக்கினால் அடுத்த "தானாக வெடித்தது" கேஸை நாமே தயார் செய்கிறோம். பிறகு மோட்டாருக்குப் புதிய எல்லைகளைக் கற்றுக்கொடுக்கணும். பல வண்டிகளில் மூடும் சுவிட்சை விடாமல் அழுத்திப் பிடித்தால் அது தானே ஒரு சுற்றுத் திறந்து மூடும். பாதியில் கையை எடுத்தால் முதலிலிருந்து. சில வண்டிகளுக்கு ஸ்கேனர் வேண்டும். விரல் மாட்டினால் நின்று திரும்புகிறதா என்பதைச் சுருட்டிய தெர்மாகோல் ஷீட்டை வைத்துப் பார்க்கணும், விரலை வைத்து அல்ல.

கிளெய்ம் வராவிட்டால், பழைய உதிரிபாகக் கடைகள் உள்ள சென்னை புதுப்பேட்டையில் பழைய கண்ணாடி வாங்கி வரட்டுமா என்றும் அவர் கேட்டார். வாங்கலாம். பாதுகாப்புக் கண்ணாடிக்கான ஐ.எஸ். 2553 முத்திரை பார்த்து, விளிம்பு முழுக்க நகத்தை ஓட்டி, ஒரு சில்கூட இல்லை என்றால் வாங்கலாம். வார்ப்புக்குள் மறைந்திருக்கும் விளிம்பை எந்த நகமும் எட்டாது என்பதையும் சொல்லியாயிற்று.

கிளெய்ம் லாபமா என்பதும் தனிக் கணக்கு. கண்ணாடிப் பாகத்துக்குத் தேய்மானக் கழிவு கிடையாது, ரப்பர் பீடிங்கும் பிளாஸ்டிக்கும் 50 சதவீதம் கழியும். ஆனால் கிளெய்ம் போடாத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் போகும். போனஸ் கழிக்கும் முன் சொந்தச் சேதப் பிரீமியம் 16,000 ரூபாய், போனஸ் 50 சதவீதம் என்று வையுங்கள், அடுத்த வருடம் 8,000 கூடுதல். போனஸ் மறுபடி 20, 25, 35, 45 என்று ஏறி 50-க்கு வர ஐந்து வருடம். அவர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கிளெய்ம் போட்டார்.

சர்வேயர் வந்தார். வார்ப்பைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. போனில் படம் எடுத்தார், நின்ற இடத்திலேயே "வெளிப்பொருள் மோதல்" என்று தட்டினார். "கண்டறிய இயலவில்லை" என்ற வரியைப் படித்தாரா என்று தெரியாது. கிளெய்ம் பாஸ் ஆனது.

அப்படியானால் அந்த வரியால் என்ன பயன்? யாருக்கும் நஷ்டமில்லை, லாபமுமில்லை. எல்லா வண்டிக்கும் "கல்" என்று எழுதிக்கொண்டே போனால், ஒரு குறிப்பிட்ட மாடலில் கண்ணாடியே சரியில்லை என்றாலும் அது எந்தக் கணக்கிலும் ஏறாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நல்ல வாதம். ஆனால் ஜாப் கார்டை அடுக்கி வைத்துக் கணக்கெடுக்க யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா? சர்வேயர் வேறொரு ஆளாக இருந்து அந்த வரியைப் பிடித்துக்கொண்டு கிளெய்மை நிறுத்தியிருந்தால், அந்த வாதத்தை வண்டிக்காரரிடம் சொல்லியிருக்க முடியுமா? அதே சமயம், பார்க்காத கல்லை ஒருமுறை எழுதினால், அடுத்து பார்க்காத விபத்தையும் எழுதச் சொல்வார்கள். சொல்லியும் இருக்கிறார்கள்.

டெலிவரியின்போது அவர் சிரித்தார். "பாத்தீங்களாண்ணா, அவரே எழுதிட்டாரு." சிரிப்பில் கிண்டல் இல்லை, அதனால்தான் பதில் வரவில்லை.

இப்போது இரண்டு மாற்றம். உடைந்த சன்ரூஃப் என்று போன் வந்தால், வேக்குவம் போடுவதற்கு முன் விளிம்பு நாலு பக்கமும், கிடைத்தால் உள்ளே விழுந்த பெரிய துண்டுகளும் தெரியும்படி படம் எடுங்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வண்டி வரும்வரை கூரைத் திறப்பை மூடுவதற்கு பிளாஸ்டிக் ஷீட், பெயின்ட் மேல் மாஸ்கிங் டேப், அதன் மேல்தான் பேக்கிங் டேப். இன்னொன்று, அந்தக் கட்டத்தில் எழுதும் வாசகம். "ஓடும்போது உடைந்ததாக உரிமையாளர் கூறுகிறார், காரணம் உறுதி செய்யப்படவில்லை." பொய் இல்லை, கிளெய்முக்கும் பெரிய தடை இல்லை. பட்டறையில் எல்லோருக்கும் பிடித்துப்போனது. போன வாரம் ஒரு அம்மா கையெழுத்துப் போடும் முன் அதை நிதானமாகப் படித்துவிட்டு, "கூறுகிறார்னா என்ன தம்பி, நான் சொல்றத நீங்க நம்பலையா?" என்றார்.