நல்ல தவிசாளர் எங்கே பிழைக்கிறார்?

நேர்மையான அரசியல்வாதியை வைத்துத் தொடர் எழுத வருகிறவர்கள் முதல் மூன்று அங்கங்களைச் சுடச்சுடக் கொண்டுவருவார்கள். நாலாவதில் பேனா நின்றுவிடும். நல்லவர் பேச வேண்டியதையெல்லாம் பேசி முடித்திருப்பார். இனி அவர் என்ன செய்வது?

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் சின்னத்திரைக்கு எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் ஒரு பழைய அமெரிக்கத் தொடரை எடுத்துப் பார்க்கலாம். 'மிஸ்டர் ஸ்டேர்லிங்'. என்பிசி அலைவரிசையில் 2003 ஜனவரி 10 தொடங்கி மார்ச் 14 வரை, வெள்ளி இரவுகளில் பத்தே அங்கங்கள். பதவியில் இருந்த கலிபோர்னியா செனற்றர் இறந்துபோக, முன்னாள் ஆளுநரின் மகனும் சிறைக் கைதிகளுக்குப் படிப்பிப்பவருமான பில் ஸ்டேர்லிங்கை ஆளுநர் அந்த இடத்துக்கு நியமிக்கிறார். நம்ம ஆள்தானே என்று கட்சி நினைத்திருக்க, வொஷிங்டனுக்குப் போனவர் தான் எந்தக் கட்சியும் இல்லை என்கிறார். ஜோஷ் புரோலின் நடித்தார். உருவாக்கிய லோறன்ஸ் ஓ'டொனல் அதற்கு முன் செனற்றின் நிதிக் குழு அலுவலகத்தைத் தலைமை தாங்கி நடத்தியவர். குழுவில் இடம் எப்படிக் கிடைக்கும், வாக்கு எப்படிப் பேரம்பேசப்படும் என்பதெல்லாம் அவருக்குக் கைப்பாடம்.

அந்த முடிச்சு அந்த நாட்டில் நிற்கும். 2001 இல் வேர்மன்ற் செனற்றர் ஜிம் ஜெபர்ட்ஸ் கட்சியை விட்டு விலகியபோது, 50க்கு 50 என்றிருந்த செனற்றே கைமாறிப்போனது. ஒரு மனிசன் கதிரை மாறினால் என்ன நடக்கும் என்பது பார்வையாளருக்குப் புதிதல்ல.

அதை அப்படியே பெயர் மாற்றி இங்கே கொண்டுவந்தால் முதல் அங்கத்திலேயே கதை செத்துவிடும். நியமனத்தால் உள்ளே வருபவர் என்றால் நமக்குத் தேசியப்பட்டியல். நாடாளுமன்றத்தின் 225 ஆசனங்களில் 29 இடங்கள். அப்படி வந்தவர் "நான் கட்சிக்காரன் இல்லை" என்று சொன்னால், கட்சி அவரை நீக்கலாம். நீக்கினால், ஒரு மாதத்துக்குள் அவர் உயர் நீதிமன்றத்துக்கு மனுப் போட வேண்டும். இல்லாவிட்டால் ஆசனம் போய்விடும். இரண்டாம் அங்கம் முழுக்க வழக்கறிஞர் அலுவலகத்தில்தான் நடக்கும். எழுதுகிறவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். பாத்திரத்தை இரவல் வாங்குகிறார்கள், அந்தப் பாத்திரத்தைத் தாங்கி நின்ற சட்டத்தை விட்டுவிடுகிறார்கள்.

நம்ம மண்ணுக்குப் பொருந்தும் முடிச்சு பிரதேச சபையில் இருக்கிறது. 2018 இல் இருந்து உள்ளூராட்சித் தேர்தல் கலப்பு முறை: வட்டாரம் 60 வீதம், பட்டியல் 40 வீதம். பாதிக்கு மேல் எந்த அணியும் எடுக்காத சபைகள் இதனால் ஏராளம். அங்கே தவிசாளரைச் சபைதான் வாக்கெடுத்துத் தெரிவு செய்யும். சமனாக வந்தால் திருவுளச்சீட்டு. நாடகம் எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

கணக்கை முதலில் கடதாசியில் போட்டுக்கொள்ளுங்கள். 16 பேர் கொண்ட ஒரு கற்பனைச் சபை. 8, 7, 1. அந்த ஒன்று நம்ம நாயகன், சுயேச்சைக் குழுவில் தப்பிப்பிழைத்து வந்தவர். எட்டுப் பேரோடு சேர்ந்தால் 9 ஆகி விசயம் முடிந்தது. ஏழு பேரோடு சேர்ந்தால் 8க்கு 8. பெட்டிக்குள் இரண்டு துண்டுக் கடதாசி. அவரையே தவிசாளராக்குகிறோம் என்று யார் வந்து கேட்கிறார்கள், எந்த வேளையில், பதிலுக்கு எந்த வீதியைக் கேட்கிறார்கள் என்பதுதான் முதல் அங்கம். சுயேச்சைக் குழுவுக்குக் கட்டுப்பணம் வேட்பாளர் ஒருவருக்கு 5,000 ரூபாய், கட்சிக்கு 1,500. அந்தக் காசை யார் போட்டார்கள் என்ற கேள்வி ஐந்தாம் அங்கம்வரை கூடவே வரும். நல்லவருக்கும் கடன் இருக்க வேண்டும். ஸ்டேர்லிங்கில் குறைபடுவதும் இதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது. அப்பா பெரிய ஆள், கையில் கடனில்லை, அடுத்த தேர்தலைப் பற்றிய பயமும் இல்லை. அப்படிப்பட்டவர் உண்மை பேசுவதில் என்ன வியப்பு?

இரண்டாவது, நல்ல முடிவுக்கு விலை உடனே வர வேண்டும். அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் யானைகள் பிளாஸ்டிக் தின்று செத்த செய்தி தெரிந்ததே. நம்ம தவிசாளர் அப்படியொரு மேட்டை மூடச்சொல்லிக் கையெழுத்துப் போடுகிறார். சரி. அடுத்த நாள் விடிய ஆறு மணிக்குக் குப்பை ஏற்றிய உழவு இயந்திரங்கள் சபை வாசலில் நிற்கும். எங்கே கொட்டுவது? சந்தைக்குப் பின்னால் மீன்கழிவு மணக்கத் தொடங்கும். அவருக்கு வாக்குப் போட்ட வியாபாரிதான் முதலில் சத்தம் போடுவான். பத்து அங்கத்துக்கு இப்படியான கையெழுத்து நாலு போதும். அதற்கு மேல் வைத்தால் ஒன்றுக்கும் பின்விளைவு காட்ட நேரமிராது.

வில்லனை விடவும் சபைச் செயலாளரைக் கவனமாக எழுத வேண்டும். அலுவலகக் கோவைகள் எல்லாம் அவர் கையில். "செய்யேலாது சேர்" என்று அவர் சொல்வதில்லை. "சுற்றறிக்கை ஒன்று இருக்கு சேர்" என்பார். அவ்வளவுதான், அலுவல் மூன்று மாதம் தள்ளிப்போகும்.

பேச்சு மொழியில் இரண்டு அடுக்கு வேண்டும். மண்டபத்துக்குள் "கௌரவ தவிசாளர் அவர்களே", ஒழுங்குப் பிரச்சினை, முன்மொழிகிறேன், வழிமொழிகிறேன். வெளியில் வந்தால் "என்னகா தம்பி, இந்த லைற்றையாவது போட்டுத் தரமாட்டியா?" இரண்டையும் ஒரே ஆள் ஒரே நாளில் பேசுவதைக் காட்டினாலே பாத்திரம் பாதி எழும்பிவிடும். கொழும்பு வானொலித் தமிழில் எல்லாரும் பேசினால் களுவாஞ்சிகுடிச் சனமே நம்பாது.

படப்பிடிப்பில் சபை மண்டபக் காட்சிதான் காசு தின்னும். உண்மையான சபை மண்டபம் கிடைத்தாலும் வார நாளில் கிடைக்காது. பல்தேவைக் கட்டடத்தை சனி, ஞாயிறுக்கு எடுப்பது சுகம். 22 நிமிட அங்கத்துக்கு 22 முதல் 25 பக்கம். அதில் சபைக் காட்சி 4 பக்கத்தைத் தாண்டக் கூடாது. ஒரு கமெராவோடு நாளுக்கு 6 பக்கம் எடுத்தால் நல்ல வேலை. பதினாறு பேரும் தெரியும் அகலமான ஷொட்டுகளை மதியச் சாப்பாட்டுக்கு முன்னமே முடித்துவிட வேண்டும். சோற்றுப் பார்சலுக்குப் பிறகு எப்படியும் மூன்று உறுப்பினர் காணாமல் போவார்கள். பிறகு கிட்டத்து முகங்களை நாலைந்து பேரோடு எடுக்கலாம். கதிரைக் காலுக்கு அடியில் சோக்கால் இலக்கம் போட்டு வையுங்கள். போன கிழமை எட்டின் பக்கம் இருந்தவர் இந்தக் கிழமை ஏழின் பக்கம் இருந்தால், பார்க்கிறவர் கட்சி தாவிவிட்டார் என்றே எடுத்துக்கொள்வார்.

ரியூப் லைற் உள்ள மண்டபமென்றால் 25 பிரேமுக்கு ஷட்டர் 1/50. மாற்றினால் படம் துடிக்கக் கூடும். நம்ம மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். சீலிங் மின்விசிறி ஓடினால் ஒலி கெடும், நிறுத்தினால் தவிசாளரின் சட்டை நனையும். ஆகவே ஷொட் ஓடும் நேரம் மட்டும் நிறுத்துங்கள். துடைக்கத் துவாயும் அதே நிறத்தில் இரண்டாவது சட்டையும் தயாராக இருக்கட்டும். வெளிப்புறக் காட்சியைக் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் வைத்தால் மைக்குக்கு உரோமக் கவசம் இல்லாமல் ஒரு சொல்லும் தேறாது. கார்த்திகை, மார்கழியில் மழை. மீதி மாதங்களில் கோயில் ஒலிபெருக்கி.

நடிகர் பஞ்சம் இங்கே இல்லை, கூத்துக்காரர் இருக்கிறார்கள். வட்டக்களரியில் கடைசி வரிசைக்குக் கேட்கப் பாடிப் பழகிய குரல் அது. காலர் மைக்கில் உடைந்துபோகும். "மெல்லப் பேசுங்கோ" என்றால் குரலோடு உடம்பும் சேர்ந்து சோர்ந்துவிடும். அதனால் மைக்கின் ஒலி அளவைக் குறைத்து, அவரிடமிருந்து மூன்று அடி தள்ளி நீளக் கம்பில் பூம் மைக் பிடித்து, எதிரே இருப்பவரின் காதுக்குள் மட்டும் சொல்வதுபோல் சொல்லச் சொல்லுங்கள். ஒரு மணித்தியாலம் ஒத்திகை போதும். திருவுளச்சீட்டை எடுக்கும் உள்ளூராட்சி ஆணையாளர் வேடத்துக்கு மட்டும் அந்தப் பெரிய குரலைக் குறைக்காமல் அப்படியே விட்டுவிடலாம்.