குளிர்ந்த பல்பும் எரிகிற பல்பும்: வோல்ற்று, அம்பியர் அளந்து பார்த்தது

மோட்டார் சைக்கிளின் பிரேக் பல்பு ஒன்று. அடியில் 12 வோல்ற்று, 21 வாற்று என்று பொறித்திருக்கிறது. மல்ரிமீற்றரை ஓமில் வைத்துத் தொட்டால் 0.9 காட்டுகிறது. இது இரண்டு முனைகளையும் சும்மா முட்ட வைத்தாலே 0.3 காட்டும் மீற்றர். அதைக் கழித்தால் பல்புக்கு 0.6 ஓம். 12ஐ 0.6ஆல் வகுத்தால் 20 அம்பியர் வருகிறது, அதாவது 240 வாற்று. ஒரு பிரேக் பல்பு அவ்வளவு இழுத்தால் வண்டியின் வயரெல்லாம் உருகி வழிந்திருக்கும்.

சரி, எரியவிட்டே அளப்போம் என்று இரண்டு மீற்றர் எடுத்தேன். ஒன்று அம்பியருக்கு, வயரை வெட்டி நடுவில் தொடராக. மற்றது வோல்ற்றுக்கு, பல்பின் கால்களிலேயே குறுக்காக. பற்றரி முனையில் வைத்து அளந்தால் வயரில் விழுவதும் சேர்ந்துவிடும். புதிதாகச் செய்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: மீற்றரின் சிவப்பு வயர் 10 அம்பியர் துளையில் இருக்கும்போது பற்றரிக்குக் குறுக்கே முட்டவே கூடாது. மலிவு மீற்றர்கள் பலவற்றில் அந்தத் துளைக்கு பியூஸ் கிடையாது.

கார் பற்றரியில் 12.3 வோல்ற்று, 1.77 அம்பியர். வகுத்தால் 6.95 ஓம், பெருக்கினால் 21.8 வாற்று. பொறித்த கணக்கு பிழையில்லை. எமர்ஜென்சி லைட்டில் இருந்து கழற்றிய 6 வோல்ற்றுப் பற்றரியில் 6.1க்கு 1.20 அம்பியர்: 5.1 ஓம், 7.3 வாற்று. ஒற்றை டோர்ச் பற்றரியில் இழை மங்கலாகச் சிவந்தது. 1.35 வோல்ற்று, 0.53 அம்பியர், ஆக 2.5 ஓம்.

ஒரே பல்புக்கு நாலு தடை! டங்ஸ்டன் இழை சூடாகச் சூடாகத் தடை ஏறும். முழு வெளிச்சத்தில் 2000 பாகைக்கு மேல் போவதால், குளிர்ந்திருந்ததைப் போல் பத்துப் பன்னிரண்டு மடங்காகிவிடுகிறது. குளிர்ந்த இழையில் தடை குறைவு என்பதால் முதல் நொடியில் அம்பியர் பல மடங்கு பாயும்; பல்புகள் பெரும்பாலும் சுவிட்சைப் போடும் நொடியில் போவதும் இதனால்தான். வோல்ற்றைப் பாதியாக்கினால் வலு, அதாவது வாற்று, கால்வாசியாகும் என்று பள்ளியில் படித்தது இங்கே பலிக்கவில்லை, மூன்றில் ஒன்றுதான் ஆனது. 47 ஓம் சீமெந்துத் தடையி ஒன்றைப் போட்டுப் பார்த்தால் அச்சொட்டாகக் கால்வாசி: 12.3 வோல்ற்றில் 3.2 வாற்று, 6.1இல் 0.8.

வீட்டுக் கேத்தல் இன்னும் சுவையானது. அடியில் 220–240 வோல்ற்று, 1850–2200 வாற்று என்று ஒட்டியிருக்கிறது. வோல்ற்றை வோல்ற்றால் பெருக்கி வாற்றால் வகுத்தால் தடை. 220க்கும் 1850க்கும் 26.2 ஓம், 240க்கும் 2200க்கும் அதே 26.2. பிளக்கைக் கழற்றிவிட்டு, கேத்தல் சுவிட்சை அழுத்தி, பிளக்கின் இரண்டு முள்ளுகளிலும் ஓம் பார்த்தேன், 26.5 காட்டியது, முனைகளின் 0.3 போக 26.2. சூடாக்கும் கம்பி நிக்ரோம் வகை என்பதால் சூட்டில் தடை அதிகம் மாறாது, குளிரிலேயே அளக்கலாம். நம் 230 வோல்ற்றில் இது 2019 வாற்று. மாலையில் 205க்கு இறங்கினால் 1600தான், தேத்தண்ணிக்குக் கொஞ்சம் காத்திருக்க வேண்டியதுதான். 230இல் கை வைத்து அம்பியர் அளக்கும் எண்ணம் எனக்கு இல்லை. கணக்கே போதும்.

இதெல்லாம் உதவியது திருகோணமலைத் திருக்கடலூரில், மாமாவின் வாடியில், அதாவது கடற்கரை மீன்பிடிக் கொட்டிலில். வலை பொத்துவதற்கு ஒரு ஹெட்லைட் பல்பு தொங்குகிறது, பற்றரி எட்டு மீற்றர் தள்ளி. வெளிச்சம் காணாது. "பற்றரி கிழடாப் போச்சு மருமகன், புதுசு வாங்கத்தான் வேணும்" என்றார். எரியவிட்டு அளந்தால் பற்றரியில் 12.4 வோல்ற்று, பல்பில் 10.6, ஓட்டம் 4.3 அம்பியர். நடுவில் 1.8 வோல்ற்றைக் காணோம். 7.7 வாற்று வழியிலேயே போகிறது.

பற்றரிக் கிளிப்பில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது, கடற்காற்றுக்குக் கேட்கவா வேணும். பற்றரி முனையிலும் வயரின் செம்பிலும் மீற்றரை வைத்தால் 0.2 வோல்ற்று. தொட்டால் இளஞ்சூடு. மிச்சம் 1.6ம் வயரில். 1.6ஐ 4.3ஆல் வகுத்தால் 0.37 ஓம். வயர் 0.75 சதுர மில்லிமீற்றர், போக வர 16 மீற்றர். ஒரு சதுர மில்லிமீற்றர் செம்புக்கு மீற்றருக்கு 0.0172 ஓம் என்று கணக்கிட்டாலும் அதே 0.37 வருகிறது. கடதாசிக் கணக்கும் மீற்றரும் இப்படி ஒத்துப்போகும்போது வரும் சந்தோஷம் தனி.

"மாமா, பற்றரியில பிழை இல்லை, வயர்தான் மெல்லிசு" என்று சொல்லி, மத்திய வீதியில் 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் வாங்கி இழுத்தோம். கிளிப்பை உப்புத்தாளால் தேய்த்து கிறீஸ் பூசினோம். இப்போது பல்பில் 11.8 வோல்ற்று, 4.5 அம்பியர், 53 வாற்று. முன்பு 45.6. வாற்றில் பெரிதாகத் தெரியாது, ஆனால் இழைப் பல்பில் வோல்ற்று 11 சதவீதம் கூடினால் வெளிச்சம் 40 சதவீதம் கூடும். அதே 53 வாற்றை 230 வோல்ற்றில் அனுப்பினால் ஓட்டம் 0.23 அம்பியர்தான், பழைய வயரிலும் 0.1 வோல்ற்றுக்குள்தான் விழும். 12 வோல்ற்றில்தான் வயரின் தடிப்பு இப்படி வேலை காட்டுகிறது.

மாமா அதே வயரில் இன்னொரு பல்பும் போடக் கேட்கிறார். 9 அம்பியர் போனால் அதிலும் 1 வோல்ற்று விழும். இரண்டாவதுக்குத் தனி வயர் இழுக்கப் போகிறேன்.