சால்மன் சதையில வர்ற கருப்புப் புள்ளி

நார்வே பண்ணையில வளர்க்கற சால்மன் மீன்ல பெரிய தலைவலின்னா இந்த மெலனின் (கருப்பு நிறமி) ஸ்பாட்தான், கிட்டத்தட்ட அஞ்சு ஃபில்லெட்ல (முள் எடுத்த சதைத் துண்டுல) ஒண்ணுல இருக்கும், அதுவும் முன்பக்க வயித்துப் பகுதியில. சாப்பிட்டா ஆபத்து இல்ல, ஆனா பார்க்க நல்லா இல்லன்னு வெட்டி எறியறாங்க, நல்ல சதை வீணாப் போகுது, எனக்கு அதுதான் வயித்தெரிச்சல். முதல்ல ரத்தம் கசிஞ்சு செவப்பா ஆரம்பிச்சு, ஆறாம நாள்பட்ட வீக்கமாகி அப்புறம்தான் கருக்குது. பிஆர்விங்கற மீன் வைரஸ் மேல ரொம்ப நாளா சந்தேகம், ஆனா வைரஸ் இருக்கற எல்லா மீனுக்கும் புள்ளி வர்றதில்ல, அதனால இப்ப விலா எலும்பு, கொழுப்புத் திசுன்னு வேற பக்கமும் தேடறாங்க.

இந்தப் புள்ளியைக் கண்டுபிடிக்க நோஃபிமா (நார்வே உணவு ஆராய்ச்சி நிறுவனம்) மாதிரி இடங்கள்ல ஹைப்பர்ஸ்பெக்ட்ரல் கேமரா (வெளிச்சத்தப் பல அலைநீளமாப் பிரிச்சுப் பார்க்கற கேமரா) வச்சுப் பார்த்திருக்காங்க, ரத்தமும் மெலனினும் வெளிச்சத்த வேற வேற மாதிரி உறிஞ்சறத வச்சு, ஓடற பெல்ட்லயே பிரிச்சுடலாம்.

ஆனா கேமரா தரம் பிரிக்கறதோட நின்னா பத்தாதுங்க, அது பார்த்த புள்ளிக் கணக்கு, மீன் வளர்ந்தது எந்தக் கூண்டு, என்ன தீவனம், எப்ப தடுப்பூசின்னு அந்த லாட்டோட (ஒரே தொகுதி மீனோட) விவரமும் சேர்த்து பண்ணைக்கே திரும்பப் போகணும். ரெண்டு கூண்டு மீன் ஒரே லைன்ல கலந்துட்டா அந்தத் தகவல் மொத்தமும் போச்சு.