எடைகள் விழும் ஓசை

பதினேழு வயதில் நான் ஒரு சக்கரம் செய்தேன். பழைய சைக்கிள் ஒன்றின் முன்சக்கரத்தை டயர் இல்லாமல் எடுத்து, அதன் அச்சை இரண்டு மரத் தூண்களுக்கிடையே பொருத்தி, ரிம்மில் சம இடைவெளியில் எட்டுக் கீல்களை வைத்து, ஒவ்வொரு கீலிலும் 15 சென்டிமீட்டர் நீளமுள்ள ஓர் அலுமினியக் கையையும், கையின் நுனியில் 100 கிராம் அளவுக்கு நட்டு போல்ட்டுகளையும் மாட்டினேன். கீலுக்கு அருகே ஒரு தடுப்பு ஆணி இருந்தது. வலப்பக்கம் இறங்கும் கை வெளியே நீண்டு நிற்பதற்கும், இடப்பக்கம் ஏறும் கை ரிம்மை ஒட்டி மடிந்து கிடப்பதற்கும் அந்த ஆணிதான் பொறுப்பு. அச்சிலிருந்து தள்ளி நிற்கும் எடைக்குத் திருப்புத்திறன் அதிகம் என்பதைப் பள்ளியிலேயே படித்தாயிற்று. எனவே வலப்பக்கம் எப்போதும் கனத்துக்கொண்டே இருக்கும், சக்கரம் நிற்பதற்கு வழியே இல்லை என்று நம்பினேன்.

சக்கரம் மூன்று சுற்றுச் சுற்றியது, நான்காவதில் தயங்கியது, பின்னுக்கு வந்தது, முன்னும் பின்னுமாகச் சற்று ஆடிவிட்டு நின்றது.

அடுத்த பல வாரங்கள் உராய்வுடன் போரிட்டேன். அச்சின் குண்டுகளை மாற்றினேன், கீல்களுக்கு எண்ணெய் விட்டேன், ஆணிகளைத் தேய்த்து வழவழப்பாக்கினேன். புவியீர்ப்பால் தானாகச் சுழலும் சக்கரத்தைத் தேடியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சிக்கிக்கொள்கிறார்கள். உராய்வு என்பது தோல்விக்கு மிக வசதியான காரணம், ஏனென்றால் அது கருத்தைக் குற்றம் சொல்லாமல் கைவேலையை மட்டும் குற்றம் சொல்கிறது. இன்னும் கொஞ்சம் நுட்பமாகச் செய்திருந்தால் ஓடியிருக்கும் என்ற நம்பிக்கை அதனால் அப்படியே பிழைத்துக் கிடக்கும். ஆனால் உராய்வே இல்லாத உலகிலும் என் சக்கரம் தன்னைத் தானே முடுக்கிக்கொண்டிருக்காது என்பதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன.

இந்தச் சக்கரத்தின் வம்சாவளி நீண்டது. 1150இல் சித்தாந்த சிரோமணி என்ற வானியல் நூலை முடித்த கணித அறிஞர் பாஸ்கரர், அதில் கருவிகளைப் பற்றிப் பேசும் பகுதியில், இலேசான மரத்தாலான ஒரு சக்கரத்தை விவரிக்கிறார். அதன் ஆரக்கால்கள் உள்ளீடற்றவை, ஒரே திசையில் சற்று வளைந்தவை. அவற்றில் பாதியளவு பாதரசம் ஊற்றி வாயை அடைத்து அச்சில் ஏற்றினால் சக்கரம் தானே சுழலும் என்கிறார். ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு, பிரான்சில் வில்லார் த ஒன்னெகூர் தன் வரைபடக் குறிப்பேட்டில் ஏழு சுத்தியல்கள் தொங்கும் சக்கரம் ஒன்றை வரைந்து, ஒற்றைப்படை எண்ணிக்கையில் சுத்தியல்களை வைத்தோ பாதரசத்தைக் கொண்டோ சக்கரத்தைத் தானாகச் சுழலச் செய்யலாம் என்று எழுதிவைத்தார். ஏழில் நான்கு எப்போதும் ஒரு பக்கம் இருக்கும், மூன்று மறுபக்கம் என்பதுதான் அவருடைய கணக்கு. லியோனார்தோ டா வின்சியும் இத்தகைய சக்கரங்களைப் பலவிதமாக வரைந்து பார்த்தார். அவர் ஓடும் என்று காட்டுவதற்காக வரையவில்லை, ஓடாது என்பதை ஆராய்ந்து காட்டுவதற்காக வரைந்தார்.

இந்த வரைபடங்களுக்கு எல்லாம் பொதுவான ஒரு மயக்கம் உண்டு. படம் நின்றுகொண்டிருக்கிறது. நின்ற படத்தைப் பார்க்கும் கண் வலப்பக்கத்து எடைகள் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்பதை உடனே கவனிக்கிறது, அவை எத்தனை என்று எண்ணுவதில்லை. நான் ஒருநாள் என் சக்கரம் ஓய்ந்து நின்ற நிலையில் அச்சின் நேர்மேலிருந்து ஒரு தூக்குக் குண்டு நூலைத் தொங்கவிட்டு, அந்த நூலிலிருந்து ஒவ்வோர் எடையும் எத்தனை சென்டிமீட்டர் விலகியிருக்கிறது என்று அளந்தேன். வலப்பக்கம் மூன்று எடைகள், இடப்பக்கம் ஐந்து. வலப்பக்கத்துத் தொலைவுகளின் கூட்டுத்தொகை 97, இடப்பக்கம் 96. அளவுகோலின் பிழைக்குள் இரண்டும் ஒன்றே. தள்ளி நின்றவை மூன்றே எடைகள். கைகள் வெளியே நீள வேண்டும் என்பதற்காக நான் செய்த அதே ஏற்பாடு, உச்சியைத் தாண்டிய கை விழுவதைத் தாமதப்படுத்தி, அதை இடப்பக்கத்துக் கணக்கிலேயே நெடுநேரம் வைத்திருந்தது.

இதைவிட எளிய வாதம் ஒன்று இருப்பது பின்னால்தான் தெரிந்தது. எட்டுக் கைகளுள்ள சக்கரம் எட்டில் ஒரு பங்கு திரும்பியதும், ஒவ்வொரு கையும் தனக்கு முன்னிருந்த கையின் இடத்துக்கு வந்துவிடுகிறது, படம் முன்பிருந்த படமாகவே ஆகிவிடுகிறது. படம் ஒன்றே என்றால் எல்லா எடைகளும் சேர்ந்த ஈர்ப்பு மையத்தின் உயரமும் ஒன்றே. இடையில் அது சற்று ஏறியிருக்கலாம், சற்று இறங்கியிருக்கலாம், ஆனால் தொடங்கிய உயரத்துக்கே திரும்பியிருக்கிறது. புவியீர்ப்பு வேலை செய்வதென்றால் ஏதோ ஒன்று முடிவில் கீழே வந்திருக்க வேண்டும். இங்கே எதுவும் கீழே வரவில்லை. பாஸ்கரரின் பாதரசத்துக்கும் வில்லாரின் சுத்தியல்களுக்கும் இந்த ஒரே வாதம் பொருந்தும். ஆரக்கால்களை எப்படி வளைத்தாலும், எண்ணிக்கையை ஒற்றையாக்கினாலும் இரட்டையாக்கினாலும், வட்டமாகத் திரும்பி வரும் எந்தப் பொறியும் இதிலிருந்து தப்ப முடியாது.

இந்த இயலாமையையே கருவியாகப் பயன்படுத்தியவர் சைமன் ஸ்டீவின் என்ற நெதர்லாந்துப் பொறியாளர். 1586இல் வெளியான தன் நூலில் அவர் ஒரு முக்கோணக் கட்டையின் மேல் பதினான்கு உருண்டைகள் கோத்த மாலையைப் போர்த்தினார். கட்டையின் ஒரு சரிவு மறுசரிவைப் போல் இருமடங்கு நீளமுள்ளது. ஆகவே நீண்ட சரிவில் நான்கு உருண்டைகளும் குட்டைச் சரிவில் இரண்டும் கிடக்கின்றன, மீதி எட்டும் கீழே தொங்குகின்றன. நான்கு உருண்டைகள் இரண்டை இழுத்துவிடாதா? இழுத்தால் மாலை நகரும், நகர்ந்தபின் படம் பழையபடியே இருக்கும், எனவே அது ஓயாமல் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். அது நடவாத காரியம், ஆகவே மாலை அசையாது என்று முடித்தார். தொங்கும் எட்டும் இருபுறமும் சமமாக இழுப்பதால் அவற்றை வெட்டிவிடலாம். எஞ்சியது, நீண்ட சரிவிலுள்ள நான்கு குட்டைச் சரிவிலுள்ள இரண்டுக்குச் சமம் என்ற உண்மை, அதாவது சாய்தளத்தின் விதி. ஒரு சமன்பாடும் எழுதாமல், பிறர் தேடி ஏமாந்த ஒன்றை ‘இல்லை’ என்று ஏற்றுக்கொண்டதன் மூலம் மட்டுமே இந்த விதியை அவர் பெற்றார். இந்தத் துறையில் நான் படித்தவற்றுள் இதைப்போல் என்னை மகிழ்வித்தது வேறொன்றில்லை. ‘அதிசயம் அதிசயமன்று’ என்று அந்தப் படத்தோடு அவர் எழுதிவைத்ததில் சிறிது பெருமிதம் தொனிக்கிறது, அதற்கு அவருக்கு உரிமையும் உண்டு.

ஏமாற்றியவர்களும் இருந்தார்கள், அவர்களில் பெரும்புகழ் பெற்றவர் யோஹான் பெஸ்லர். எழுத்து வரிசையில் ஒவ்வோர் எழுத்தையும் பதின்மூன்று இடம் தள்ளிப் போட்டுத் தன் பெயரை ஓர்ஃபிரேயஸ் என்று மாற்றிக்கொண்ட இந்த ஜெர்மானியர், 1712இல் கேரா நகரில் தன் முதல் சக்கரத்தைக் காட்டினார். பின்னர் ஒன்றைவிட ஒன்று பெரிதாகச் செய்து, கடைசியில் ஹெஸ்ஸே காசெலின் ஆட்சியாளரான கார்லின் ஆதரவில், அவருடைய கோட்டையிலேயே ஏறக்குறைய பன்னிரண்டு அடி விட்டமுள்ள ஒரு சக்கரத்தை நிறுவினார். அதன் உள்ளமைப்பு துணியால் மூடப்பட்டிருந்தது. 1717 நவம்பரில் அறையைப் பூட்டி முத்திரையிட்டார்கள். இடையில் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு மீண்டும் முத்திரையிட்டு, 1718 ஜனவரித் தொடக்கத்தில் இறுதியாகத் திறந்தபோதும் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 26 சுற்று வேகத்தில் சுழன்றுகொண்டிருந்தது. 1727இல் அவருடைய பணிப்பெண், தானும் பெஸ்லரின் வீட்டாரும் பக்கத்து அறையிலிருந்து முறைவைத்துச் சக்கரத்தைச் சுற்றியதாக வாக்குமூலம் கொடுத்தார். அந்த வாக்குமூலத்தையும் ஐயுறுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். என் எண்ணம் எளியது. கதவில் வைத்த முத்திரை கதவு வழியாக யாரும் நுழையவில்லை என்பதை மட்டுமே காட்டும். துணியை விலக்க மறுத்தவர் எதையோ காத்தார், அது என்ன என்பது அவருடன் போய்விட்டது.

ஆனால் பெஸ்லரின் கதையில் என்னை ஈர்ப்பவர் பெஸ்லர் அல்லர், 1721இல் அந்தச் சக்கரத்தைப் பார்வையிட வந்த லெய்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லெம் ஸ்கிராவெசாண்டே. வெளிப்புறத்தை நுணுகி ஆராய்ந்தும் எந்தக் கள்ளத் தொடர்பையும் காண முடியாமல், நியூட்டனுக்கே அதைப் பற்றிக் கடிதம் எழுதினார். பணம் கொடுக்காமல் தன் இரகசியத்தை அறிந்துகொள்ளப் பார்க்கிறார் என்று சினந்த பெஸ்லர், சக்கரத்தைத் தானே உடைத்துப் போட்டார். இவ்வளவு கெட்டிக்கார மனிதர் ஏமாந்துவிட்டாரே என்று நினைப்பதற்குள் அடுத்த ஆண்டு வந்துவிடுகிறது. 1722இல் அவர் பித்தளை உருண்டைகளைப் பலவித உயரங்களிலிருந்து மென்மையான களிமண்ணில் விழவிட்டு, ஏற்படும் குழிகளை அளந்தார். வேகம் இருமடங்கானால் விளைவு இருமடங்கு ஆகவில்லை, நான்கு மடங்கு ஆனது. விழும் பொருள் சுமந்து வருவது வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்ற இந்தக் கண்டறிதல், அப்படியே முன்பு வாதிட்டிருந்த ஜெர்மானியத் தத்துவ அறிஞர் லைப்னிட்சின் கருத்துக்குக் கிடைத்த உறுதியான சான்று. இன்று நாம் இயக்க ஆற்றல் என்று சொல்வதன் வேர் அங்கே இருக்கிறது. ஓயாத சக்கரம் இயலக்கூடியதே என்று நம்பியவர், அது இயலாது என்று பிறர் நிறுவுவதற்கான செங்கல்லைத் தன் கையாலேயே அடுக்கியிருக்கிறார்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். 1775இல் பாரிஸ் அறிவியல் கழகம், வட்டத்தைச் சதுரமாக்கும் முயற்சிகளோடு சேர்த்து, ஓயாத எந்திரங்களையும் இனி ஆராய்வதில்லை என்று தீர்மானித்தது. 1847இல் ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ், ஒன்றுமில்லாததிலிருந்து முடிவின்றி வேலையைப் பெற முடியாது என்ற இடத்திலிருந்தே தொடங்கி, ஆற்றல் அழிவின்மை விதியை விரித்தெழுதினார். தண்ணீர்த் தொட்டிக்குள் மிதவைச் சங்கிலி ஓடவிடும் யோசனை இன்றும் புதிது புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறது. அங்கே மிதவை மேலே எழும்போது தரும் வேலை, தொட்டியின் அடியில் அதை நீரின் அழுத்தத்துக்கு எதிராக உள்ளே நுழைக்கத் தேவைப்படும் வேலைக்குச் சரியாகச் சமம். நீர்மின் நிலையம் புவியீர்ப்பால் ஓடவில்லையா என்று கேட்பவர்களும் உண்டு. விழுந்த நீரை ஆவியாக்கி மறுபடியும் மலைமேல் ஏற்றிவைப்பது சூரியன். கடல் மட்டம் ஏறி இறங்கும் ஓதங்களிலிருந்து மின்சாரம் எடுத்தாலும் அது புவியின் சுழற்சியிலிருந்தே கழிகிறது. ஓதங்களின் இழுப்பால் நாளின் நீளம் மெல்லக் கூடிக்கொண்டும், நிலவு ஆண்டுக்குச் சுமார் 3.8 சென்டிமீட்டர் விலகிக்கொண்டும் இருக்கின்றன. புவியீர்ப்பு ஒரு விசை, அது ஆற்றலின் கிடங்கு அன்று. மேசை மீதுள்ள புத்தகத்தை அது நாள் முழுவதும் அழுத்திக்கொண்டிருந்தாலும் யாருக்கும் எதுவும் கொடுப்பதில்லை.

என் சக்கரத்துக்குத் திரும்புகிறேன். அது சுற்றும்போதெல்லாம் உச்சியைக் கடந்த கை ஒவ்வொன்றும் ‘டக்’ என்று ஆணியில் விழும். அந்த ஓசை எனக்கு அந்த வயதில் மிகவும் பிடித்திருந்தது. எந்திரம் வேலை செய்வதன் அடையாளம் என்று நினைத்திருந்தேன். ஸ்கிராவெசாண்டேயின் களிமண் உருண்டைகளைப் பற்றிப் படித்த பிறகு, பரணில் கிடந்த சக்கரத்தை இறக்கி ஒரு சோதனை செய்தேன். அச்சின் நடுப்பகுதியில் நூலைச் சுற்றி, அதன் முனையில் அரைக் கிலோ எடையைக் கட்டி, அது அரை மீட்டர் இறங்கியதும் நூல் கழன்றுவிடுமாறு செய்தேன். ஒவ்வொரு முறையும் சக்கரத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ இரண்டரை ஜூல், கூடுதலும் இல்லை குறைவும் இல்லை. கைகள் தளர்வாக இருந்தபோது மூன்று சுற்று. ஓசையைத் தடுக்க ஆணிகளில் ரப்பர் மாட்டியபோதும் மூன்றே சுற்று. ஓசை அடங்கியது, இழப்பு அடங்கவில்லை, ஒலியாகப் போனது ரப்பருக்குள் வெப்பமாகப் போயிற்று. பிறகு எட்டுக் கைகளையும் நீட்டியபடியே கம்பியால் ரிம்மோடு இறுகக் கட்டினேன். அதே சக்கரம், அதே எடை, அதே இரண்டரை ஜூல், எந்தக் கையும் எங்கும் விழவில்லை. எண்பது சுற்றைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டேன்.